யாருக்கான உறுதி? மன்னார்க் கரையும் பேரிடர்ப் பொதுநிதியும்

விமானநிலையங்களும் துறைமுகங்களும் பாலங்களும் இயற்கைப் பேரிடர்களைத் தாங்கி நிற்கும்வண்ணம் அவற்றை வலுப்படுத்தப் பொதுநிதி ஒதுக்குதல் இன்று அரசுகளின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. இதன் தேவை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது பிறநாட்டு விமானங்கள் உதவிப் பொருள்களுடன் கட்டுநாயக்கவில் இறங்கின. ஓடுபாதை செயலிழந்திருப்பின் இழப்பு மேலும் பெருகியிருக்கும். ஆயினும், வலுப்படுத்தப்படுவது எது, யாருடைய நலன் கருதி என்னும் வினா பொறியியல் வினா மட்டுமன்று. அது அரசியற் பொருளாதார வினாவுமாகும். மன்னார்க் கரையின் வரலாற்றை முன்வைத்து இதனை விளக்க முனைகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருந்தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் பசியும் வழியிலே பலரை மாய்த்தன. கண்டிச் சீமைப் பயணத்தின் துயரை மலையக நாட்டார் பாடல்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையிலான கப்பற் சேவையும் ஒருங்கிணைந்தன. பெருந்தோட்டங்களின் உழைப்புத் தேவையும் வணிகமுமே இவ்வழிக்குப் பொருளாதார அடித்தளமாயின.

1964 டிசம்பர் 22ஆம் நாளிரவு இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்ற சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதமொன்று நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் கடலுக்கிரையாயிற்று. பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இ. சிறீதரன் தலைமையில் நடந்த வேலையினால் அப்பாலம் 46 நாள்களில் மீட்கப்பட்டது. தனுஷ்கோடியோ வாழத் தகுதியற்ற இடமென அரசினால் அறிவிக்கப்பட்டது. கப்பற் சேவை இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டு 1980கள் வரை நீடித்தது.

பாலத்தை மீட்டோரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது கருத்தன்று. மணற்றிட்டில் மீண்டும் நகரமைத்தல் ஆபத்தானது என்ற வாதத்திலும் நியாயமுண்டு. ஆனால் ஓரிடத்தைக் கைவிடுவது வேறு. அவ்விடத்து மக்களின் வாழ்வைக் கைவிடுவது வேறு. அறிவிப்புக்குப் பின்னரும் மீனவக் குடும்பங்கள் மின்சாரமின்றி ஆங்கே குடிசைகளில் வாழ்ந்தமை எதனைக் காட்டுகின்றது? போக்குவரத்துக்கு மீட்புத் திட்டம் இருந்தது. கடலை நம்பி வாழ்ந்தோருக்கு அத்தகைய திட்டம் இருக்கவில்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. பாலமோ விமானநிலையமோ மூடப்பட்டால் ஏற்படும் வருவாயிழப்பு நாள்தோறும் கணக்கிடப்படுகின்றது. அக்கணக்கே நிதிகோரும் ஆவணமாகின்றது. கரைவலையையும் தோணியையும் குடிசையையும் இழந்தோனின் இழப்பு பணமதிப்பிற் சிறிதாகத் தோன்றுவதால் அது பின்தள்ளப்படுகின்றது. நிதி மட்டும் வரியாகவும் கடனாகவும் எல்லோரிடமிருந்தும் பெறப்படுகின்றது.

அண்மைக்கால விமானநிலையங்களிலும் இதனைக் காணலாம். அடையாற்றின் மேலாக ஓடுபாதை நீட்டப்பட்ட சென்னை விமானநிலையம் 2015 டிசம்பர் வெள்ளத்திற் சில நாள்கள் மூடப்பட்டது. வயல்நிலத்தில் எழுந்த கொச்சி விமானநிலையம் 2018 ஆகஸ்டில் இரு வாரங்கள் செயலிழந்தது. பின்னர் கொச்சியில் மேற்கொள்ளப்பட்ட வெள்ளத்தடுப்புப் பணிகள் வேலிக்குள் நின்றுவிடாது, சுற்றுப்புறக் கால்வாய்களையும் பாலங்களையும் உள்ளடக்கின என்பது மனங்கொளத்தக்கது. ஓடுபாதையை உயர்த்தினால் நீர் மறைந்துவிடுவதில்லை. அது அயலவர் வீட்டுக்குட் செல்லும். எனவே சுற்றுப்புறத்தைப் பாதுகாக்காத உறுதி, வெள்ளத்தை ஏழைகளிடம் கைமாற்றும் உறுதியேயாகும்.

மன்னாருக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். போரினால் 1990இல் துண்டிக்கப்பட்ட தீவின் பாலம் யப்பானிய உதவியுடன் 2010இற் புதிதாக அமைந்தது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை இந்தியக் கடனுதவியுடன் 2015இல் மீளத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியே தீவுக்கும் பெருநிலத்துக்கும் உள்ள தரைவழி. மாவட்ட வைத்தியசாலையும் கச்சேரியும் தீவிலேயே உள்ளன. ஆதலால் நானாட்டானிலோ முசலியிலோ வாழும் நோயாளிக்கு அத்தாம்போதி, தலைநகருக்கு விமானநிலையம் போன்றது. அருவியாறு பெருகும்போது தாம்போதி மட்டும் உறுதியாக நின்று, அதனை அடையும் கிராமத்து வீதிகள் அமிழ்ந்திருப்பின் அவ்வுறுதியால் விளையும் பயன் யாது? தீவுக்குள்ளும் இதே சிக்கலுண்டு. காற்றாலைகளுக்கென அமைத்த பாதைகள் மழைநீர் கடலுக்கு வடிவதைத் தடுக்கின்றன என்று தீவுமக்கள் முறையிட்டு, 2025இற் போராட்டத்திலும் இறங்கினர்.

ஆகவே, பேரிடரைத் தாங்கும் கட்டுமானத்துக்குப் பொதுநிதி வேண்டும் என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எத்தனை நாள்களில் மீண்டும் திறக்கப்படும் என்ற அளவுகோலுடன் மேலும் மூன்று அளவுகோல்கள் வேண்டும். சுற்றிலும் வாழ்வோரின் நீர் எங்கே வடியும்? ஆபத்து வேளையில் அவர்களுள் எத்தனைபேர் அவ்விடத்தை அடைய முடியும்? தொழிற்கருவிகளை இழந்தோருக்கு அதே நிதியிற் பங்குண்டா? இவற்றைத் தீர்மானிக்கும் அவையில் மீனவர் சங்கங்களுக்கும் விவசாயிகள் அமைப்புகளுக்கும் இடமிருத்தல் வேண்டும். பாலம் மீண்டு மக்கள் மீளாத நிலை இக்கரையில் இனியும் நிகழலாகாது.