கரையோரத்துச் சரளைப் பாதை

ஐதராபாத்தின் மேற்கு விளிம்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலரும் முன்பே மிதிவண்டிகள் திரளும் இடம் ஒன்று உண்டு. வெளிவட்டச் சாலையை ஒட்டி அமைந்த மிதிவண்டித் தடமே அது. 23 கிலோமீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்ட இத்தடம் 2023 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. நானக்ராம்கூடாவிலிருந்து காவல் பயிற்சிக் கழகம் வரை ஒரு பகுதியும், நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை மற்றொரு பகுதியும் செல்கின்றன. தலைக்கு மேல் சூரியத்தகடுகளால் ஆன கூரை. அதன் மின்திறன் 16 மெகாவாட். மகிழுந்துக்கும் சரக்குந்துக்கும் இங்கு வேலையில்லை. எட்டு வயதுக் குழந்தையும் அச்சமின்றி மிதித்துச் செல்லலாம்.

எனினும் இத்தடத்தில் செல்பவர் காண்பது எதனை? ஒருபுறம் எட்டுவழிச் சாலையின் இரைச்சல், மறுபுறம் வேலி. சற்றுத் தொலைவில் மூசி ஆறு தேங்கி நிற்கும் உஸ்மான் சாகர் என்னும் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில் சில்குரு போன்ற ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. தடமோ அவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. வண்டிகளின் தொல்லை இல்லாமலும், ஆற்றையும் ஊர்களையும் கண்டுகொண்டும் செல்லக்கூடிய பாதை வேண்டுமென்றால் அது எப்படி உருவாகும்? இதற்கு விடை காண, நீரோடு பிறந்த பழைய பாதைகளைப் பற்றி அறிய வேண்டும்.

எந்திரப் படகுகள் தோன்றுவதற்கு முன், ஆற்றிலும் கால்வாயிலும் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்தே இழுத்தனர். இழுப்பவர் நடப்பதற்கென நீரோரமாக ஒரு மண்பாதை இடப்பட்டது. ஐரோப்பாவில் குதிரைகள் இழுத்தன. டான்யூப் ஆற்றங்கரையில் அவை நடந்த பாதைகளே இன்று பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டி வழியின் பெரும்பகுதியாக விளங்குகின்றன. ஆந்திரக் கடற்கரையையும் தமிழகக் கடற்கரையையும் இணைத்து மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயில், காற்று வீசாதபோது மனிதர்களே தோளில் கயிற்றைப் போட்டுப் படகை இழுத்தனர். அன்று தெலுங்கு நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நெல்லும் உப்பும் விறகும் அந்த வழியாகத்தான் சென்றன.

இத்தகைய பாதைக்குச் சிறப்பு ஒன்று உண்டு: அது ஏறக்குறைய சமதளமாக இருக்கும். மலைச்சரிவில் நீர் தாறுமாறாக ஓடும். கால்வாயிலோ நீர் அமைதியாக நிற்க வேண்டும். ஆகவே கால்வாயைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் கதவுகள் கொண்ட ஒரு நீர்ப்பூட்டை அமைப்பர். ஏற்றம் முழுவதும் அந்தப் பூட்டுகளின் அருகில் மட்டுமே வரும். இடைப்பட்ட தொலைவெல்லாம் மட்டமாக இருக்கும்.

அமெரிக்காவின் வாசிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து என்னும் ஊர் வரை, பொட்டோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் கால்வாய் இதற்கு நல்ல சான்று. 1828-இல் தொடங்கிய வேலை 1850-இல் முடிந்தது. நீளம் 297 கிலோமீட்டர், பூட்டுகள் 74. இவ்வளவு தொலைவில் மொத்த ஏற்றம் சுமார் 184 மீட்டர்தான். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு மீட்டர்கூட உயர்வதில்லை. கரையில் கோவேறு கழுதைகள் படகை இழுத்தன. ஓரிடத்தில் மலையைக் குடைந்து 950 மீட்டர் நீளச் சுரங்கம் அமைத்துள்ளனர். அதற்குள் பகலிலும் கைவிளக்கு வேண்டும்.

1924-இல் பெருவெள்ளம் வந்து கால்வாயைச் சிதைத்தது. அதன்பின் படகுகள் ஓடவில்லை. பாழடைந்து கிடந்த கரையின்மீது மகிழுந்துச் சாலை ஒன்றை அமைக்கலாம் என்று திட்டமிட்டனர். தலைநகரின் பெரிய நாளிதழ் ஒன்றும் 1954-இல் அத்திட்டத்தை ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வில்லியம் டக்ளஸ் அதைப் படித்துச் சினம் கொண்டார். ஆனால் வழக்குத் தொடுக்கவில்லை. தம்முடன் அக்கரை முழுவதும் நடந்து பார்க்க வருமாறு நாளிதழின் ஆசிரியர்களை அழைத்தார். அவர்களும் வந்தனர்! அவ்வாண்டு மார்ச்சு மாதக் குளிரில் எட்டு நாள்கள் நடந்த அப்பயணத்தில் பலர் இடையிலேயே நின்றுவிட, முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் கால்வாயும் கரையும் தேசியப் பூங்காவாயின. இன்று கழுதைகள் நடந்த அதே பாதையில் மிதிவண்டிகள் செல்கின்றன. அதன் தரை தாரன்று. இறுகிய மண்ணும் பொடிக்கல்லும்தான்.

தார் ஏன் வேண்டியதில்லை? நன்கு இறுக்கிய அடிமண்ணின்மேல் சரளை பரப்பி, நடுவில் சிறிது மேடாக விட்டால் மழைநீர் இரு பக்கமும் வடிந்துவிடும். மண் மூச்சுவிடும், ஓர மரங்களின் வேருக்கும் நீர் கிடைக்கும். விரைந்து ஓட்டுவது கடினம் என்பதால் வேக வண்டிகள் இத்தகைய வழியை நாடுவதில்லை. தார் போட்ட மறுமாதமே கரைப்பாதை குறுக்கு வழியாக மாறிவிடுவதைக் காவிரிப் பாசனப் பகுதியின் வாய்க்கால் கரைகளில் பலர் கண்டிருப்பர். சரளையில் செல்லும் மிதிவண்டிக்குச் சற்று அகன்ற டயர் தேவை. பந்தய வண்டியின் டயர் 25 மில்லிமீட்டர் அகலம் என்றால் சரளை வண்டிக்கு 40 மில்லிமீட்டர் வேண்டும். காற்றைச் சிறிது குறைத்து வைத்தால், டயர் கல்லின்மேல் துள்ளாமல் அமுங்கி உருளும். இதற்கெனப் புதிய வண்டிகள் இப்போது மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றன. வேடிக்கை என்னவெனில், பால்காரர்கள் காலங்காலமாக ஓட்டிவரும் கறுப்பு நிறப் பழைய மிதிவண்டியின் டயரும் அதே 40 மில்லிமீட்டர்தான்.

இனி மூசிக்கு வருவோம். இந்த ஆறு விகாராபாத்துக்கு அருகிலுள்ள அனந்தகிரி மலையில் பிறக்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று அதில் வந்த வெள்ளம் நகரைச் சூறையாடியது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். புளியமரம் ஒன்றில் ஏறி 150 பேர் உயிர் பிழைத்ததாகக் கூறுவர். அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. வெள்ளத்தைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தவர் விசுவேசுவரையா. அவருடைய திட்டப்படி மூசியில் உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் துணையாறான ஈசியில் இமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன.

நகரம் மேற்கே பெருகியபோது இந்நீர்த்தேக்கங்களைக் காக்க 1996-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சுற்றிலும் 84 ஊர்களில் பெருங்கட்டடங்களுக்கும் மாசுபடுத்தும் ஆலைகளுக்கும் தடை வந்தது. நீருக்காகப் போட்ட அத்தடை, வயல்களையும் மண்பாதைகளையும் சேர்த்தே காத்தது. மொயினாபாத் பக்கம் இன்றும் காய்கறித் தோட்டங்களுக்கும் பூந்தோட்டங்களுக்கும் இடையே சிவந்த சரளைப் பாதைகள் செல்கின்றன. அந்தச் சரளையைத் தெலுங்கில் ‘மொரம்’ என்பர். ஏரியைச் ‘செருவு’ என்றும் கரையைக் ‘கட்ட’ என்றும் கூறுவர். வழி கேட்க இம்மூன்று சொற்களே போதும். எருமைக் கூட்டம் எதிர்ப்பட்டால் இறங்கி நின்று அதற்கு வழிவிடுவதே முறை. பாதை முதலில் அவற்றுக்குரியது.

2022-இல் அந்தத் தடையைத் தளர்த்தும் ஆணை வெளிவந்தது. நகருக்குள் மூசியின் ஓரமாக விரைவுச்சாலை அமைக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டதுண்டு. பொட்டோமாக் கரை அன்று நின்ற இடத்தில்தான் மூசிக்கரை இன்று நிற்கிறது. இங்குள்ள மண்பாதைகளுக்கு மிதிவண்டி வழி என்ற பெயர்ப்பலகையும் இல்லை, காவலும் இல்லை. உழவர்களும் டிராக்டர்களும் நடமாடுவதால் மட்டுமே அவை அழியாமல் இருக்கின்றன.

அவற்றில் செல்ல விரும்புவோர் பெரியவர்களுடன், மழையில்லாத மாதங்களில், விடியற்காலையில் செல்வது நன்று. மேற்கே போகப்போகக் கரிசல் மண் குறுக்கிடும். ஒரு தூறலுக்கே அது சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். மழைக்காலத்தில் நாளிதழில் உஸ்மான் சாகரின் மதகுகள் திறக்கப்பட்ட செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மதகு திறந்தால் நார்சிங்கிக்கும் மஞ்சிரேவுலவுக்கும் இடையிலுள்ள ஆற்றோரச் சாலை நீரில் மூழ்கிவிடும். காவலர்கள் தடுப்பு வைத்து, மகிழுந்தையும் மிதிவண்டியையும் ஒன்றுபோலத் திருப்பி அனுப்புவர்.