புகையைத் தேடிப் பறந்த வானூர்திகள்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளின் கண்ணுக்கும் இவ்வாக்குப் பொருந்தும். பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கண்டு சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், அதே நேரத்தில் அதே இடத்திற்கு வானூர்தியில் சென்று, அங்குள்ள காற்றைப் பிடித்துச் சோதித்து, "நீ சொன்னது சரிதானா?" என்று கேட்கும் ஆராய்ச்சி ஒன்று உலகில் நடந்து வருகிறது. அதைப் பற்றி இங்கே சிறிது காண்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் வாயுக்கள் மட்டும் இல்லை. கடலலை தெறிக்கும் உப்பு, பாலைவனத் தூசு, எரியும் விறகின் கரி, தொழிற்சாலைப் புகையிலிருந்து தோன்றும் சல்பேட் முதலியன கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அதில் மிதக்கின்றன. இவற்றிற்கு ஏரோசால் என்று பெயர். உருவத்தில் சிறியவை, ஆயினும் இவை செய்யும் வேலை பெரிது. வெளிறிய துகள்கள் சூரிய ஒளியைச் சிதறடித்து, அதில் ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பியனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன. கரித்துகள்களோ ஒளியை உட்கவர்ந்து காற்றைச் சூடாக்குகின்றன.

இவ்விரண்டில் எது மிகுதி? எவ்வளவு மிகுதி? இதில்தான் சிக்கல் இருக்கிறது. பருவநிலை மாற்றத்திற்கான பன்னாட்டுக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1750க்கும் 2019க்கும் இடையே கூடிய கரியமில வாயு, புவியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 2.16 வாட் ஆற்றலைக் கூட்டியுள்ளது. ஏரோசால்கள் ஏறத்தாழ 1.1 வாட் குறைத்துள்ளன. ஆனால் இந்த 1.1 என்பது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம் என்கிறது அவ்வறிக்கை. நாளை நாம் புகையைக் குறைத்தால், அது இதுவரை மறைத்து வைத்திருந்த வெப்பம் எவ்வளவு வெளிப்படும்? இக்கேள்விக்கு உறுதியான விடை கூற இந்த இடைவெளி தடையாக நிற்கிறது.

செயற்கைக்கோள் காண்பது என்ன?

செயற்கைக்கோள் துகள்களைக் காண்பதில்லை. அவை சிதறடித்த ஒளியை மட்டுமே காண்கிறது. அந்த ஒளியோடு கீழேயுள்ள தரையும் கடலும் மேகமும் திருப்பிய ஒளியும் கலந்து வருகிறது. கலந்து வந்த ஒளியிலிருந்து துகளின் அளவு, நிறம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு ஊகிக்க வேண்டும். சிறிய துகள்கள் பலவும், பெரிய துகள்கள் சிலவும் ஒரே அளவு வெளிச்சத்தைத் தரக்கூடும். எனவே சில அனுமானங்கள் இன்றிக் கணக்கு முடிவதில்லை.

மொட்டை மாடியில் நின்று தேர்த்திருவிழாவைப் பார்ப்பவன், கூட்டம் பெரிது என்றும், அது எத்தெருவரை நீண்டுள்ளது என்றும் கூறுவான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அவனால் கூற முடியாது. கூட்டத்திற்குள் நடந்து வந்தவன் அதைக் கூறுவான். ஆனால் அவன் அறிந்தது தன்னைச் சுற்றி இருந்தவர்களை மட்டுமே. முன்னவன் செயற்கைக்கோள், பின்னவன் வானூர்தி. இருவர் சாட்சியமும் சேர்ந்தால்தான் வழக்குத் தெளிவாகும்.

வானூர்திக்கு உள்ள இடர்கள்

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்ப்பது எளிதன்று. செயற்கைக்கோளின் நேர்க்கீழ்ப் புள்ளி தரைமீது வினாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 400 கிலோமீட்டர் பாதையை அது ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். சுழல்விசிறி வானூர்திக்கு அதே தொலைவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் காற்று நகர்ந்துவிடும், மேகம் கலைந்துவிடும். ஆகவே செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, பாதையின் நடுவில் அதைச் சந்திக்கும்படி முன்னதாகவே புறப்பட வேண்டும்.

காற்றை உள்ளே இழுப்பதிலும் தொல்லை உண்டு. விரைந்து செல்லும் வானூர்தியின் குழாய் வழியே காற்று வளைந்து நுழையும்போது, கனமான துகள்கள் வளைய மாட்டாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். வானூர்தியின் உட்புறம் வெதுவெதுப்பாக இருப்பதால் துகள்மேல் இருந்த ஈரம் உலர்ந்து, துகள் சுருங்கிவிடும். வெளியே மிதந்த துகள் வேறு, கருவி கண்ட துகள் வேறு என்று ஆகிவிடாமல் இவற்றிற்கெல்லாம் திருத்தம் செய்ய வேண்டும். எனவே விசாரிக்கப் போன சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டியுள்ளது!

நம் அண்டைக் கடலில்

இத்தகைய ஆராய்ச்சிகளுள் நமக்கு அண்மையில் நடந்த ஒன்று, 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாலத்தீவை மையமாகக் கொண்டு நிகழ்ந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. வானூர்திகள், செயற்கைக்கோள்கள், தீவில் அமைந்த ஆய்வு நிலையம், நம் நாட்டின் 'சாகர் கன்யா' கப்பல் ஆகியன அதில் ஒருங்கே ஈடுபட்டன. அதை முன்னின்று நடத்திய இருவருள் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். மற்றவர் வீரபத்ரன் இராமநாதன். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்புப் புகைப்படலம் வட இந்தியப் பெருங்கடலின்மீது பரவி, கடலை அடையும் வெயிலைக் குறைப்பதை இவ்வாய்வு காட்டியது.

2006இல் இராமநாதன் குழுவினர் மாலத்தீவில் ஆளில்லாச் சிறு வானூர்திகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டனர். மேலே பறந்தது உள்ளே வரும் வெயிலை அளந்தது. கீழே பறந்தது கடந்து சென்ற வெயிலை அளந்தது. நடுவில் பறந்தது படலத்திற்குள்ளேயே அளவெடுத்தது. இவ்வாறு மேலும் கீழும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் படலம் உண்டுவிட்ட வெயில் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கீழ்வளி மண்டலம் வெயிலால் அடையும் வெப்பத்தைப் பழுப்புப் படலம் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக்குகிறது என்று 2007இல் அவர்கள் அறிவித்தனர்.

ஓர் இடைவெளியின் கதை

ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் புதிர் ஒன்று இருந்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புல்வெளிகளையும் வயல்களையும் எரிப்பர். அப்புகை காற்றோடு மேற்கே சென்று அட்லாண்டிக் கடல்மீது படர்கிறது. அங்கே குளிர்ந்த கடல்நீருக்குமேல் தாழ்வான மேகங்கள் வெண்கம்பளம் விரித்தாற்போல் கிடக்கின்றன. புகை மேகத்திற்கு மேலே நின்றால், கீழிருந்து மேகம் திருப்பியனுப்பும் ஒளியையும் உட்கவர்ந்து சூடாக்கும். புகை மேகத்திற்குள் இறங்கிவிட்டாலோ, ஒவ்வொரு துகளும் ஒரு நீர்த்துளிக்குக் கருவாகும். துளிகள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் அமையும். மேகம் இன்னும் வெண்மையாகிப் பூமியைக் குளிர்விக்கும். ஆக, புகைக்கும் மேகத்திற்கும் நடுவில் சில நூறு மீட்டர் இடைவெளி உண்டா, இல்லையா என்பதே கேள்வி!

2006இல் ஏவப்பட்ட காலிப்சோ செயற்கைக்கோள், லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி இதை அளந்தது. பெரும்பாலும் இடைவெளி உண்டு என்றே அதன் அளவுகள் காட்டின. ஆனால் பச்சை லேசர் ஒளி அடர்ந்த புகைக்குள் செல்லச் செல்ல மங்கிவிடுகிறது. புகையின் அடிப்பகுதி அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2015 முதல் 2017 வரை இயங்கிய மற்றொரு லேசர் கருவி, புகையை நன்கு ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியால் நோக்கியபோது, புகை மேகத்திற்கு இன்னும் நெருக்கமாக இருப்பது தெரிந்தது.

நாசா நிறுவனம் 2016இல் நமீபியாவின் வால்விஸ் பே நகரிலிருந்து இரு வானூர்திகளை அனுப்பியது. விமானி ஒருவர் மட்டும் அழுத்த உடை அணிந்து ஓட்டும் ஈஆர்-2, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, செயற்கைக்கோளைப் போல மேலிருந்து நோக்கியது. ஒரு காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பயன்பட்ட வகையைச் சேர்ந்த பி-3 வானூர்தி, அறிஞர்களைச் சுமந்து புகைக்குள்ளும் மேகத்திற்குள்ளும் ஏறி இறங்கியது. 2017இலும் 2018இலும் சாவோ தோமே தீவிலிருந்து பி-3 மீண்டும் பறந்தது. கண்டது என்ன? சில நாள்களில் தெளிவான இடைவெளி. சில நாள்களில் புகை மேகத்தைத் தொட்டு நின்றது. மேகத்திற்குக் கீழேயும் புகை கலந்திருந்தது. ஒரே விடை இல்லை என்பதே விடையாயிற்று.

2024 பிப்ரவரியில் பேஸ் என்னும் புதிய செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது மேலே சென்று சில மாதங்களே ஆன நிலையில், செப்டம்பரில் கலிபோர்னியாவில் அதன் பாதைக்குக் கீழே ஆராய்ச்சி வானூர்திகள் பறந்து அளவெடுத்தன. வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பாராமல் எடுத்த அளவை நம் இயற்பியல் ஆசிரியர்கள் ஏற்பதில்லை. விண்ணில் சுற்றும் கருவிக்கும் விதி அதுவே. மேலே சென்றுவிட்ட கருவியைக் கையிலெடுத்துத் திருத்த வழியில்லை; அதற்காகவே மனிதர்கள் புகைக்குள் பறக்கிறார்கள்.