கடைசி பெஞ்சு எழுந்த நாள்

மயிலாப்பூரில் 12ஆம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையை முதன்முறை நடத்தியபோது, ‘கருப்பொருள்: வறுமை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள், விவாதம் அத்தோடு முடிந்தது.

இப்போது வாய்விட்டு வாசிக்கிறேன். வாய்ப்புக் கேட்டு வந்த காதர், அலுவலக அறையிலேயே புலியாக மாறும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். “இவருக்கு வேலை கிடைக்குமா? கதையின் வரியைக் காட்டிச் சொல்லுங்கள்.” கேள்வி அவ்வளவுதான். முதலில் கை தூக்குபவரை உடனே அழைப்பதில்லை. அந்த அமைதி நமக்குத்தான் சங்கடம், மாணவர்களுக்கல்ல.

சென்ற ஆண்டு, காதருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருவதைப் படித்ததும், அதுவரை வாய் திறக்காத மாணவன் எழுந்தான். “வாடகை குடுக்க முடியாம வீடு மாறியிருப்பாரு ஐயா. நாங்களும் ரெண்டு தடவை அப்படித்தான் மாறினோம்.”

அன்று மட்டும், வரியைக் காட்டு என்று நான் கேட்கவில்லை.