அட்லாண்டாவுக்கு ஆறு!

அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா ராஜ்யத்தில் அக்காலத்தில் டெமாக்ரடிக் கட்சிக்கு எதிரி ஏது? கட்சி அபேட்சகரைப் பொறுக்கும் பூர்வாங்கத் தேர்தலில் ஜயித்தவரே கவர்னர் என்று வைத்துக் கொள்ளலாம். வெகுகாலம் அதில் கலக்கவொட்டாமல் தடுக்கப்பட்டிருந்த கறுப்பு மக்கள், கோர்ட்டுத் தீர்ப்பின் பயனாய் 1946-ல் திரளாக வந்து வோட்டளித்தனர். கார்மைக்கேலுக்கு டால்மட்ஜைவிடச் சுமார் 16,000 வோட்டு அதிகம். ஜயித்தவரோ டால்மட்ஜ்!

ஆள் கணக்கை விட்டு ஜில்லாக் கணக்கில் எண்ணினார்கள். அட்லாண்டா மாநகர் அடங்கிய ஜில்லாவுக்கு 6 புள்ளி. சின்னஞ்சிறு ஜில்லாவுக்கும் 2. மூன்று பட்டிக்காடு சேர்ந்தால் ஒரு மாநகரம்! இந்தக் கணக்கை நம் திண்ணைப் பள்ளி வாத்தியார் பார்த்திருந்தால் பிரம்பைத்தான் தேடியிருப்பார்.

டால்மட்ஜ் பதவி ஏற்குமுன்பே, டிசம்பரில் காலமானார். கணக்கு மட்டும் சாகவில்லை. 1963-ல்தான் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்றது.