வெண்புள்ளி

கல்லடியிலிருந்து மீனைப் பற்றி ஒருவன் எழுதப் புகுந்தால், பாடுமீனைப் பற்றித்தான் எழுதப் போகிறான் என்று வாசகர் எண்ணிக்கொள்வது இயல்பே. பூரணை இரவில் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கும் அவ்வொலி, யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் உள்ளத்தையே கவர்ந்ததன்றோ! நான் எழுதப் போவதோ பாடாத மீன்களைப் பற்றி. ஓசையின்றி நோயுற்று, என் கண்ணெதிரே மாண்டுபோன நான்கு மீன்களைப் பற்றி.

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையில் ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் உவர்நீருக்குப் பஞ்சமில்லை; மாணவர் முறைவைத்து வாளிகளிற் சுமந்து வருவர். தொட்டியினுள்ளே ஐந்து மீன்கள், இரண்டு இறால்கள், சில நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள். எல்லாம் நலமாகவே இருந்தன. ஒருநாள் எனக்குத் தெரிந்த சுழியோடி ஒருவர் நீலமீன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வாலடியிற் சிறு கத்தி போன்ற முள்ளுடையது; ஆங்கிலேயர் இதன் இனத்தைச் சத்திரவைத்தியர் மீன் என்பர். வானத்தின் நிறத்தை அரைத்துப் பூசியது போன்ற அதன் அழகைக் கண்ட மாணவர், அதனை உடனே தொட்டியில் விடுமாறு ஆரவாரித்தனர். புதிய மீனைச் சில வாரம் வேறொரு பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின்னரே பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும் என்பதை நான் அறியாதவனல்லேன். அறிந்தும் விட்டேன். பிழை என்னுடையதே.

மூன்றாம் நாள் நீலமீனின் செட்டைகளில் உப்புக்கற்களைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. அது கல்லில் உடம்பை உராய்ந்தது. பூக்கள் விரைந்து துடித்தன. மருந்து தேடி நான் அலைந்துகொண்டிருக்கையில், ஆறாம் நாட் காலை புள்ளிகள் அனைத்தும் மறைந்திருந்தன! மாணவர் கைதட்டினர். நானும் என் குறிப்பேட்டில் 'குணமாயிற்று' என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் ஆறு மீன்களின் மேலும் புள்ளிகள். ஒன்றிரண்டல்ல, எண்ணித் தொலையாதவை. முதலில் நீலமீன் மாண்டது. அதன்பின் இரண்டு நாளில் மூன்று மாண்டன.

அந்த 'குணமாயிற்று' என்ற சொல்தான் என்னைப் படிக்கத் தூண்டியது. மீன் ஏன் குணமானது போலத் தோன்றிற்று?

இந்நோயைத் தருவது கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்னும் ஓருயிரணு ஒட்டுண்ணி. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் கிருமி வேறு, இது வேறு. தோற்றத்தில் மட்டுமே ஒற்றுமை. இதன் வாழ்வு மூன்று கோலங்களை உடையது. ஆங்கில நூல்கள் அவற்றுக்கு வழங்கும் கிரேக்கப் பெயர்கள் மாணவர் நாவிற் புரளவில்லை. 1936ஆம் ஆண்டில் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய அடிகள் துயிலும் கல்லடியில் இருந்துகொண்டு, பெயருக்கு அஞ்சலாமா? மேய்வான், உறைவான், திரிவான் என்று நாங்களே பெயரிட்டுக்கொண்டோம்.

மேய்வான் மீனின் மேற்றோலுக்கு அடியிற் புகுந்து, அதன் உயிரணுக்களைத் தின்று கொழுக்கும். நாம் காணும் வெண்புள்ளி அதுவே. மூன்று முதல் ஏழு நாள் மேய்ந்தபின், பெரும்பாலும் இருள் வேளையில், மீனை விட்டுத் தானே இறங்கிவிடும். அதைத்தான் நான் குணம் என்று எழுதினேன்! இறங்கியது சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு உறைவான் ஆகும். உறைக்குள்ளே அது பிளந்து பிளந்து இருநூறு வரை பெருகும். பின்பு உறை திறக்க, திரிவான்கள் நீந்தி வெளிப்பட்டு மீனைத் தேடும். ஓரிரு நாளுக்குள் மீன் அகப்படாவிடின் அவை மடியும்.

ஓரிரு நாள் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பரந்த கடலில் இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு குறுகிய காலத்தில் மீனொன்றைக் கண்டடைவது அரிது. இருநூறில் ஒன்றிரண்டு தப்பினாற் போதும், குலம் அழியாது. ஆகவே கடல்மீன் உடம்பில் ஒருசில ஒட்டுண்ணிகளோடு கவலையின்றி உலாவும். கண்ணாடித் தொட்டியிலோ எந்தத் திசையில் நீந்தினாலும் மீன். இருநூறும் பிழைக்கலாம், அவை ஒவ்வொன்றும் மீண்டும் இருநூறாகலாம். நோயைக் கொண்டுவந்தது நீலமீன். கொள்ளைநோய் ஆக்கியது கண்ணாடி. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென முதன்முதலாகப் பொதுக் காட்சிமனை திறக்கப்பட்டது. ஏறக்குறைய நூறாண்டின் பின், 1951இல், இவ்வொட்டுண்ணிக்கு இன்று வழங்கும் பெயர் சூட்டப்பட்டதும் அதே காட்சிச்சாலை மீன்களில் அதனை ஆராய்ந்ததன் பயனாகவே.

இனி மருந்துக்கு வருவோம். உணவிலே வெள்ளைப்பூண்டு கலந்து கொடு என்பர் சிலர். நீரைச் சூடாக்கு என்பர் சிலர். பூண்டை நம்பியிருக்கலாகாது. சூடு ஒட்டுண்ணியின் வாழ்வை விரைவாக்குமேயன்றிக் கொல்லாது. துப்புரவு செய்யும் மீன்களும் இறால்களும் மேற்றோலுக்கு அடியில் இருப்பதைக் கொத்தி எடுப்பது எங்ஙனம்? உறுதியான மருந்து செம்பு. மயில்துத்தத்தில் உள்ள அதே செம்பு, லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நீரில் நிற்குமானால் திரிவான்கள் மடியும். உறைவானையும் தோலடியிலுள்ள மேய்வானையும் அது தொடாது. ஆதலால் மூன்று வாரமாவது அளவு குறையாமற் காக்க வேண்டும். சற்றே குறைந்தாற் பயனில்லை. சற்றே கூடினால் மீனே மடியும். சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் செம்பை உறிஞ்சிவிடும். இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. நாள்தோறும் அளந்தறியும் கருவி எங்களிடம் இல்லை. அந்த வழி அடைபட்டது.

மற்றொரு வழியை முகத்துவாரத்தில் வலைவீசும் முதியவர் ஒருவர், தாம் அறியாமலே, எனக்கு நினைவூட்டினார். என் துயரைக் கேட்டவர் சிரித்துக்கொண்டே, "கடல் மீன் ஆத்துக்குள்ள ஏறி வருகுதே, சும்மாவா வருகுது மாஸ்டர்? மேல் கழுவத்தான் வருகுது" என்றார். எங்கள் ஊரார் வாவியை ஆறு என்றே சொல்வர். மீன்கள் இரைக்காகவும் குஞ்சுகளின் பாதுகாப்புக்காகவும் வருகின்றன என்பது நூலறிவு. ஆயினும் கிழவரின் சொல்லில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. வடகீழ்ப் பருவமழை பெய்து வாவி பெருகும்போது அதன் உவர்ப்பு மிகத் தாழ்ந்துவிடும். உவர்ப்புக் குறைந்த நீர் உறைக்குள்ளே புக, உறைவான் வீங்கி வெடிக்கும். மீனின் குருதியிலுள்ள உப்போ கடல்நீரின் உப்பில் மூன்றிலொரு பங்களவே. கடலில் ஓயாது உப்பை வெளியேற்றி உழைக்கும் அதற்கு, பாதி உவர்நீர் ஓய்வாகவே அமையும்.

எஞ்சிய இரு மீன்களையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, கிணற்றுநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, இரண்டு நாளில் உவர்ப்பை லீற்றருக்கு 15 கிராமுக்கு இறக்கினோம். நீரமானி கையை விட்டு அகலவில்லை. இம்முறை எங்கும் பலிக்கும் என்று நான் கூறமாட்டேன். தைவானில் உவர்ப்பு மிகக் குறைந்த நீரிலும் இந்நோயை விளைக்கும் வகைகளை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். வாவிகளிற் பழகிய ஒட்டுண்ணி அவ்வாறு பழகியிருக்கக் கூடாதா என்ற அச்சம் எனக்கு இன்றும் உண்டு. பொன்தூள் தூவினாற்போல் தோன்றி இன்னும் விரைந்து கொல்லும் வேறொரு நோய்க்கும் இதனால் தீர்வில்லை. அதற்கு, நம் முன்னோர் மலேரியாவுக்கு விழுங்கிய குளோரோகுயின் பயன்படுகிறது. எங்கள் மீன்களுக்கோ பாதி உவர்நீரே உதவிற்று. ஐந்து வாரமாகப் புள்ளி ஏதும் இல்லை. இப்போது உவர்ப்பை மெல்ல உயர்த்தி வருகிறோம்.

பெரிய தொட்டியில் மீன் இல்லை. இறாலும் நத்தையும் நண்டும் மட்டுமே உலாவுகின்றன. இவ்வொட்டுண்ணி அவற்றை அண்டாது. உறைவான் உறைக்குள் 72 நாள் வரை உயிரோடிருந்தமை பதிவாகியுள்ளதால், 76 நாள் காத்திருப்பதென்று முடிவு செய்தோம். கரும்பலகையின் மூலையில் மாணவர் நாளுக்கொரு எண்ணாக எழுதிவந்தனர். ஒன்பதாம் நாள் ஒரு சிறுவன், நோய்த்தொட்டியிற் கிடந்த ஈரவலையை எடுத்து, பெரிய தொட்டியில் மிதந்த இலையொன்றை அள்ளிவிட்டான். ஈரத்தோடு கிருமியும் போயிருக்கக் கூடும். நான் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதை அழித்து ஒன்று என்று எழுதினேன். பையன் அழுதுவிட்டான்.

மறுநாள் முதல் எண்ணை எழுதும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். வலைகள் இரண்டாயின, ஒன்றிற்குச் சிவப்பு நூல் கட்டியதும் அவனே. சென்ற வாரம் பாடசாலைக்கு வந்த பெரியவர் ஒருவர் தொட்டியை உற்று நோக்கி, "மீனே இல்லாத தொட்டிக்கு மின்குமிழும் காற்றுப்பம்பியும் எதற்கு?" என்று வினவினார். நான் வாய்திறக்குமுன் பையன் முன்வந்து, "உறைவான் இருக்கு ஐயா. இன்னும் இருபத்துநாலு நாள்" என்றான்.