கோலும் கயிறும்: முத்துக்குளித்துறைக் கடலில் பெருமீன் தூண்டில்

கன்னியாகுமரிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கரையை வரலாறு முத்துக்குளித்துறை என்று அழைக்கிறது. கொற்கை, பழைய காயல், காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி என ஒன்றன்பின் ஒன்றாக இக்கரையின் துறைமுகங்கள் எழுந்ததற்கும் தாழ்ந்ததற்கும் முத்து ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. அல்பிரூனி தமது மணிநூலான 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலில் முத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருப்பதை அறிஞர்கள் அறிவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961ஆம் ஆண்டில். 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். ஆயினும் பழைய சலாபங்கள் மீளவில்லை.

முத்து போனபின் இக்கடலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இழந்ததைப் பற்றியே எழுதுகின்றனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது இன்றும் இக்கடலில் உலவுகின்ற பெருமீன்களையும், அவற்றைக் கோல்தூண்டிலால் பிடிக்கும் கலையையும் ஆகும். மேலை நாடுகளில் செல்வர்களின் பொழுதுபோக்காக வளர்ந்த இக்கலை இன்று நம் கரைக்கும் வந்து சேர்ந்துள்ளது. வார இறுதியில் நீண்ட கோல்களைச் சுமந்துகொண்டு படகு தேடி வரும் இளைஞர்களைத் தூத்துக்குடிப் பகுதியிலும் காண்கிறோம். அவர்களில் பலர் தம் கையிலுள்ள கோல் எதற்கு உரியது என்பதை அறியாமலே கடலேறுகின்றனர். இதனால் கெடுவது அவர்களது பணம் மட்டுமன்று, மீனும் வீணாகிறது.

முதலில் ஒரு கேள்வி. கோல் எதற்கு? இக்கரையின் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோல் இன்றியே சீலாவையும் பாரையையும் சூரையையும் களவாவையும் பிடித்து வருகின்றனர். வள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து, நூலை விரலில் தாங்கி, ஆழத்தில் நிகழ்வதை விரலாலேயே உணர்கின்றனர். அக்காலத்தில் பருத்தி நூல். இன்று தங்கூசி நரம்பு. முத்துக்குளிப்பிலும் இதே முறைதான் இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கியவரின் உயிர், மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அல்லவா! பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒருங்கே இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். கயிற்றின் மொழியைக் கையால் படிக்கும் திறமை இவ்விரு சமூகத்தாருக்கும் பொதுச்சொத்து.

தூண்டிற்கோல் என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. ஆனால் அது குளத்துக்கும் ஓடைக்கும் உரிய மூங்கிற்கோல். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். கோல்தூண்டில் பற்றி இந்நாட்டில் எழுந்த நூல்களுள் அது முன்னோடி. எனினும் அவருடைய நாட்டமெல்லாம் ஆற்றில் வாழும் மகசீர் மீன்மேல் இருந்தது. பின்னர் முத்து, சங்கு ஆகியவற்றின் அறுவடையை மேற்பார்த்து, மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகவும் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், கடலோர மீனவர்களின் வலைகளையும் தூண்டில்களையும் படகுகளையும் நுணுகி ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்தது பிழைப்பை, விளையாட்டை அன்று.

ஆழ்கடலில் பெருமீனைக் கோலால் வெல்லும் விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கட்டலினாத் தீவில் உருவெடுத்தது. 1898இல் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் அங்கே 183 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ எடையுள்ள சூரை மீனைக் கோலும் உருளையும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் 'டூனா கிளப்' என்ற சங்கத்தையும் நிறுவினார். அன்றைய உருளைகளில் முறையான தடை இல்லை. மீன் பாய்ந்தோடும்போது உருளையின் கைப்பிடி சுழன்று விரல்களை முறித்துவிடும். இக்குறையைத் தீர்க்க உருளைக்குள் உராய்வுத் தடை பொருத்தப்பட்டது. அத்தகைய உருளையைக் கொண்டு வில்லியம் போஷன் 1913இல் அதே தீவின் அருகே 355 பவுண்டு வாள்மீனைக் கரை சேர்த்தார். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939இல் தோன்றி விதிகளை வகுத்தது. 1953 ஆகஸ்டில் ஆல்பிரட் கிளாசெல் என்பார் பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் பிடித்த 1560 பவுண்டு கறுப்பு மார்லின், கிட்டத்தட்ட 708 கிலோ, இன்றளவும் அவ்வினத்தில் முறியடிக்கப்படாத சாதனையாக நிற்கிறது.

இனிக் கோலின் வேலைக்கு வருவோம். மீனைத் தூக்குவது கோலின் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் முதல் வேலை வளைவது. பெருமீன் ஒரு திசையில் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. திடீரெனத் திரும்பும், தலையை உதறும், நீரைவிட்டு எழும்பும். அந்த அதிர்வு நேரே நரம்பில் விழுந்தால் நரம்பு அறும். நரம்பு தளர்ந்தால் முள் கழலும். வளைந்த கோல் வில்லைப் போல் நின்று இவ்விரண்டையும் தடுக்கிறது. கைத்தூண்டில்காரர் இதே வேலையைத் தம் தோளாலும் முழங்கையாலும் செய்கிறார்; விட்டுக்கொடுத்து இழுக்கிறார். ஆகவே கோல் என்பது ஒரு தேர்ந்த கையின் நகல் என்று கூறினால் தவறாகாது.

இரண்டாவது, நெம்புகோல் கணக்கு. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டுள்ளனர். நீண்ட கோல் பிடிப்பவருக்கு வலிமை தரும் என்பது பிழை. அது மீனுக்கே வலிமை தருகிறது. கோலின் அடிமுனை இடுப்புப் பட்டையில் ஊன்றியிருக்க, அங்கிருந்து 40 செ.மீ. தொலைவில் கை பிடித்திருப்பதாகவும், நுனி 120 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். மீன் 7 கிலோ விசையுடன் குறுக்காக இழுத்தால் கை தாங்க வேண்டியது 21 கிலோ. நுனி 180 செ.மீ. தொலைவில் இருந்தால் அதே மீனுக்குக் கை தாங்க வேண்டியது 31 கிலோவுக்கும் மேல். பெருமீன் கோல்கள் ஐந்தரை, ஆறு அடியோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே. கோல் நடுப்பகுதிவரை வளையும்போது இந்தத் தொலைவு தானே சுருங்குகிறது. பளு மிகுந்த வேளையில் பிடிப்பவருக்குச் சாதகம் மிகுகிறது.

கோலின் தரத்தை அது தாங்கும் நரம்பின் அறுபடும் எடையால் குறிப்பர்: 30, 50, 80, 130 பவுண்டு என்றவாறு. உருளையின் தடையை நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கலாகாது. 50 பவுண்டு நரம்பு என்றால் ஆறு, ஏழு கிலோ. விற்பன்னர்கள் இதனைத் தராசு கட்டி இழுத்துப் பார்த்தே வைக்கின்றனர். கைப்பதத்தால் மதிப்பிடுவோர் அநேகமாக மிகுதியாகவே இறுக்குகின்றனர்.

மன்னார் வளைகுடாவுக்கு எது ஏற்றது? பிடிக்கக் கருதும் மீனையும் முறையையும் பொறுத்தது. ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துச் செல்லும் முறையில் சீலாவும் சூரையும் கேரையும், முதுகுத் துடுப்பை மயில்தோகைபோல் விரிப்பதால் அப்பெயர் பெற்ற மயில்மீனும் அகப்படும். முப்பது, நாற்பது கிலோ மயில்மீனுக்கு 30 பவுண்டுக் கோல் தாராளம். பெரிய கேரைக்கு 50. மார்லினை நாடிச் செல்வோருக்கு 80க்குக் குறையாமல் வேண்டும். இக்கோல்களில் நரம்பு செல்லும் வளையங்களுக்குப் பதிலாகச் சிறு உருளிகள் இருக்கும். அடிமுனையில் குறுக்கு வெட்டு இருக்கும். அந்த வெட்டு இடுப்புப் பட்டையிலுள்ள குறுக்குக் கம்பியில் பொருந்தினால்தான் கோல் கையில் சுழலாமல் நிற்கும். வாங்கும்போது இதை மறவாமல் பார்க்க வேண்டும். (மயில்மீன் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நீந்தும் என்று பாடநூல்கள்வரை எழுதிவிட்டனர். அண்மைக்கால அளவீடுகள் அதன் உச்ச வேகத்தை ஏறத்தாழ 36 கி.மீ. அளவிலேயே காட்டுகின்றன. நரம்பு பறிபோகும் வேகத்தைக் கண்டவர்களுக்கு அதுவே போதும்.)

பார்களின் ஓரங்களில் பாரை மீனை நாடி மேற்பரப்பில் மிதக்கும் பொய்யிரையை வீசுவோருக்கு ஏழரை முதல் எட்டரை அடிவரை நீளம் வேண்டும். வீசும் தொலைவுக்காக நெம்புகோல் நட்டத்தை ஏற்க வேண்டியதுதான். ஆழத்தில் உலோக இரையை மேலும் கீழும் ஆட்டிக் கடல்விராலையும் களவாவையும் பிடிப்போருக்கு ஐந்து, ஆறு அடியில் இலேசான குறுங்கோல் போதும். ஒரே கோலால் மூன்று முறையையும் செய்யலாம் என்று விற்பவர் கூறினால் நம்பலாகாது.

பொருளைப் பொறுத்தவரை, பழைய பெருமீன் கோல்கள் சீன மூங்கிலைப் பிளந்து ஒட்டியவை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடி இழை வந்தது. 1970களில் கரியிழை வந்தது. கரியிழை இலேசானது, நுண்ணிய அசைவையும் கைக்குச் சொல்லும். ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பின்னொருநாள் மீன் மாட்டியிருக்கும்போது முறியும். மீன் படகருகே வந்த நேரத்தில் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தினால் பளு முழுவதும் நுனியில் ஏறி முறிவது இன்னொரு வாடிக்கை. அலையில் ஆடும் சிறு பைபர் படகில் செல்லும் புதியவர்களுக்குக் கண்ணாடி இழைக் கோலையோ இரண்டும் கலந்ததையோதான் நாம் பரிந்துரைப்போம். கரியிழை மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இடிமழை வேளையில் அதை உயர்த்திப் பிடிப்பது ஆபத்து.

கோல் தேர்வு வெறும் தொழில்நுட்பமன்று என்று நாம் கருதுவதற்குக் காரணம் உண்டு. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை ஆகுமாக்கியிருக்கிறது. தரையில் வேட்டையாடத் தடையுள்ள இஹ்ராம் நிலையிலும் அது ஆகுமானதே. இந்த அனுமதி உணவையும் பயனையும் முன்னிட்டது. பயனின்றி வெறும் களியாட்டத்துக்காக உயிரை வதைப்பதை நபிமொழிகள் கண்டிக்கின்றன. அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற கட்டளையையும் நாம் அறிவோம். சிறு கோலால் பெருமீனை இரண்டு மணி நேரம் அலைக்கழிப்பதை வீரம் எனப் பேசும் வழக்கம் விளையாட்டு மீன்பிடிப்போரிடையே உண்டு. அவ்வாறு களைத்த மீனின் தசைகளில் அமிலம் ஏறிவிடுகிறது. அதைக் கடலில் விட்டாலும் பல வேளைகளில் பிழைப்பதில்லை. தக்க கோலைத் தேர்வது, தீட்டிய கத்தியைப் போன்றது. உண்பதற்கெனில் விரைவில் பிடித்து விரைவில் முடிக்க வேண்டும். விடுவதற்கெனில் வட்டவடிவ முள்ளைப் பயன்படுத்த வேண்டும். அது குடலில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுகிறது. மீனை நீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும். விட்டுவிடுவதற்காகவே பிடிக்கலாமா என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் தெளிவுபடுத்த வேண்டிய கேள்வி. படம் எடுப்பதற்காக மட்டும் ஒரு மயில்மீனைப் படகில் கிடத்தித் துடிக்கவிடுவதை நம் மனம் ஏற்கவில்லை.

பிடிக்கக்கூடாதவையும் உள்ளன. திமிங்கிலச் சுறாவும் வேளா மீனும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மாட்டினால் நரம்பை அறுத்து விட்டுவிட வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடிக்கு எதிரே கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள வான் தீவும் அதில் அடங்கும். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. பவளப்பாறையில் நங்கூரம் இடுவதால் விளையும் கேடு, பிடிக்கும் மீனின் மதிப்பைவிடப் பெரிது.

படகை யாரிடம் அமர்த்துவது என்பதிலும் நமக்கு ஒரு கருத்து உண்டு. இழுவைப் படகுகளின் பெருக்கத்தால் மிகவும் நலிந்தவர்கள் கைத்தூண்டில்காரர்களே. எந்தப் பாரில் எந்தக் காற்றில் எந்த மீன் நிற்கும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இலர். வெளியூரிலிருந்து விலையுயர்ந்த கோலுடன் வருபவர், அவர்களுடைய அறிவுக்குரிய கூலியை மனமுவந்து கொடுக்கட்டும். பிடித்த மீனைச் சந்தையில் விற்று அவர்களோடு போட்டியிட வேண்டா. மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்றுவதற்கான நிபந்தனைகளை மீன்வளத் துறையிடம் முன்னரே கேட்டறிவதும், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி இருக்கிறதா எனப் பார்ப்பதும் பயணம் செய்பவரின் கடமை.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று இக்கடலைக் கலக்கிவிடும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதிக்காலமே ஏற்றது. பழைய சலாபங்கள் மார்ச், ஏப்ரலை ஒட்டி நடந்ததும் இதனால்தான். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது.

கரைக்குத் திரும்பியதும் கோலையும் உருளையையும் நன்னீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே புகும். வளையங்களின் உட்புறத்தில் பஞ்சைச் செலுத்திப் பார்த்தால் கீறல் இருக்கும் இடத்தில் இழை சிக்கும்; அந்த வளையத்தை மாற்றாவிட்டால் அடுத்த மீனில் நரம்பு அறும். உருளையின் தடையைத் தளர்த்தி வைத்து, கோலைச் சுவரில் சாய்க்காமல் கிடைமட்டமாகத் தாங்கிகளில் வைத்தால் அது வளையாமல் பல ஆண்டுகள் உழைக்கும்.