இருவழிச் சாலையில் திருப்பயணிகள்

ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். அதற்குப் பல நாள்களுக்கு முன்னரே காவியுடை அணிந்த திருப்பயணிகள் சிறு தேர்களை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். அவர்கள் கடக்கும் சாலைகளுள் பல, நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகள்.

இத்தகைய சாலையில் மெதுவாகச் செல்லும் ஒரு லாரிக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிடும். பொறுமை இழந்தவர் எதிர்த்தடத்தில் ஏறித்தான் முந்த வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை 80 கி.மீ. வேகத்தில் முந்த ஏறத்தாழ 7 நொடிகள் ஆகும். எதிரே வரும் வண்டிக்கும் அதே 80 கி.மீ. வேகம் என்றால், அதற்குள் இரண்டும் 300 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். இரவில் வெறும் விளக்கொளியை வைத்து இதைக் கணிப்பது அனுபவசாலிக்கே கடினம். 2007 ஜூனில் திருப்பீடம் ஓட்டுநர்களுக்கென 10 கட்டளைகளை வெளியிட்டது. அவற்றுள் முதலாவது, சீனாயில் தரப்பட்ட ஐந்தாம் கட்டளையேதான்!

நடப்பவர் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. தாழ்த்திய முகப்பு விளக்கில், இருண்ட ஆடை அணிந்தவர் 40, 50 மீட்டரில்தான் தெரிவார். 80 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்தவோ 60 மீட்டருக்கு மேல் வேண்டும். நம்மவர் பெரும்பாலும் இடப்பக்கமே நடக்கிறார்கள். வண்டிகள் முதுகுப்புறம் வருகின்றன. நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நடப்பதே நல்லது. ஆயினும் முந்தும் வண்டி பின்னாலிருந்து அப்பக்கமும் ஏறி வரலாம். எனவே தாரை விட்டு இறங்கி, மண் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பாடிக்கொண்டே நால்வர் கைகோத்துச் செல்வதை ஆலய வளாகத்தில் வைத்துக்கொள்ளலாம். தேரின் பின்புறம் ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். குழுவின் முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச் விளக்கு இருக்கட்டும்.